புரியும்படி எழுதிய முருகையன்

படார் என்று கதவு திறந்து சுவரில் மோதியது. ஆணியில் தொங்கிய காலண்டர் கீழே விழுந்தது. சரக்கு அனுப்பும் பிரிவின் தலைவர் லூயிஸ் ஒரு தாளை ஆட்டியபடி நின்றார்.

"யோவ் முருகையா! என்னாய்யா எழுதி அனுப்பியிருக்க?"

"ஏன் சார், தப்பாயிடுச்சா?"

"தப்பில்லய்யா. எனக்கே புரியுது!"

முருகையன் எழுந்து நின்றுவிட்டார். இத்தனை வருட உத்தியோகத்தில் அவர் எழுத்தின் மீது இப்படி ஒரு புகார் வந்ததே இல்லை.

தாளில் ஒரே வரிதான் இருந்தது. 'லூயிஸுக்குக் கூட்டல் வராது என்று கணக்குப் பிரிவுத் தலைவர் சொல்கிறார்.'

"இப்படி எழுதிக்கிட்டே போனா எங்க போயி முடியும்னு யோசிச்சியா?" என்று கேட்டுவிட்டு, காலண்டரை எடுத்து மாட்டிவிட்டு லூயிஸ் போனார்.

உழவர்கரையில் இருந்த அந்தக் குழாய்க் கம்பெனியில் லூயிஸும் கணக்குப் பிரிவுத் தலைவர் தெய்வசிகாமணியும் பேசிக்கொள்வதில்லை. ஏதோ ஓர் ஆண்டு விழாவில் பெத்தாங்க் என்ற குண்டெறி விளையாட்டு ஆடும்போது, யாருடைய இரும்புக் குண்டு இலக்குக்கு அருகில் நின்றது என்று தகராறு. நூல் பிடித்து அளந்தும் தீரவில்லை. மறுநாளே இருவர் அறைக்கும் நடுவிலிருந்த கதவின் முன்னால் ஒரு பீரோ வந்து நின்றது. அடுத்த வாரம் 'ஒருங்கிணைப்புப் பிரிவு' பிறந்தது. அதன் தலைவர் முருகையன்.

"அந்தாளு கண்ண மூடிக்கிட்டா பில்லு போடறாரு?" என்று லூயிஸ் கத்துவார். முருகையன் அதை, 'மேற்படி பொருள் தொடர்பில் தங்கள் மேலான கவனம் மீளவும் கோரப்படவேண்டிய சூழல் எழுந்துள்ளமை பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது' என்று எழுதி அனுப்புவார். யாருக்கும் புரியாது. அதனால் யாருக்கும் வலிக்காது. கம்பெனி நன்றாக நடந்தது.

முதலாளியின் மகள் மெரின், பாரீஸில் படித்துவிட்டு வந்து பொறுப்பேற்றதும்தான் வினை. முதல் சுற்றறிக்கையிலேயே அடித்துவிட்டாள். 'எல்லோரும் எளிமையாக எழுதுங்கள். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிரிவும் தன் வேலையை என்னிடம் விளக்க வேண்டும். எனக்குப் புரியாத பிரிவு எனக்குத் தேவையில்லை.'

ஐம்பதைத் தாண்டியவர் முருகையன். இந்த நாற்காலி போனால், புரியாமல் எழுதத் தெரிந்தவருக்கு வேறு எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்? அதனால்தான் தெளிவாக எழுதிப் பழக ஆரம்பித்தார். பழகிய முதல் வரிதான் கூட்டல் வரி.

சமாதானமாக இன்னொரு வரி எழுதினார். 'முந்தைய வரியைத் தவறாக எண்ண வேண்டாம். லூயிஸுக்குக் கழித்தல் நன்றாக வரும்.' அனுப்பும் அவசரத்தில் மின்னஞ்சலை மொத்தக் கம்பெனிக்கும் தட்டிவிட்டார்.

உடனே தெய்வசிகாமணி போனில் வந்தார். "முருகையன், உங்களுக்கு என்னா ஆச்சு? பழையபடியே எழுதுங்க. அதான் எல்லாருக்கும் நல்லது."

அடுத்த போன் மெரினுடையது. "உங்க மெயில் பார்த்தேன். வெள்ளிக்கிழம வரைக்கும் காத்திருக்க முடியாது. மத்தியானமே வந்து விளக்குங்க."

உதவியாளர் தீபலட்சுமி கம்ப்யூட்டரைத் திறந்தாள். "யாரு, என்ன செய்றாங்க, யாருக்கு? இந்த மூணும் இருந்தாப் போதும் சார். சொல்லுங்க, நாம என்ன செய்றோம்?"

"இரு பிரிவுகளுக்கிடையேயான தகவல் பரிமாற்றத்தின்…"

"சார்."

"லூயிஸ் தர்ற தாள வாங்கி தெய்வசிகாமணிகிட்ட குடுக்கறோம்."

தீபலட்சுமி தட்டச்சு செய்தாள். இருவரும் அதைத் திரையில் இன்னொரு தரம் படித்தார்கள்.

"ரெண்டு ரூமும் பக்கத்துல பக்கத்துலதான சார் இருக்கு?"

"நடுவுல பீரோ இருக்கும்மா."

"அப்ப நம்ம வேலையே ஒரு பீரோவ நகத்தினா முடிஞ்சிடும்."

"கொஞ்சம் புரியாத மாதிரி எழுதேன்."

"புரியலன்னா மூடிடுவாங்க சார்."

"புரிஞ்சாலும் மூடிடுவாங்களே!"

மத்தியானம் கூட்ட அறையில் எல்லாத் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். லூயிஸ் ஒரு கோடியில், தெய்வசிகாமணி மறு கோடியில். முருகையன், தீபலட்சுமி தட்டிய வரியைத் திரையில் முதல் படமாகக் காட்டினார். மெரினுக்கு ஒரு நொடியில் புரிந்தது.

"நடுவுல இருக்கற பீரோவ நகத்திட்டா இத அவங்களே நேரா குடுத்துக்கலாமே?"

முருகையன் வேறு வழியில்லாமல் அடுத்த படத்தைத் தட்டினார். அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே தெளிவான வாக்கியம் பெரிய எழுத்தில் வந்து நின்றது. 'அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.'

மெரின் திரும்பினாள். "உண்மையா, லூயிஸ் சார்?"

லூயிஸ் அவளைப் பார்க்கவில்லை. "முருகையா, ஃபேன் பக்கத்துல ஒக்காந்திருக்கிற ஆளுகிட்ட சொல்லு. கொஞ்சம் கொறைக்கணும். குளுருது."

"முருகையன், குளுர்ற ஆள சட்ட பட்டன போட்டுக்கச் சொல்லுங்க" என்றார் தெய்வசிகாமணி, ஜன்னலைப் பார்த்தபடி.

"முருகையா, பட்டன எண்ணிப் பாக்க அந்தாளையே கூப்புடு. கணக்குப் புலியாச்சே!"

"முருகையன், எண்ணிச் சொன்னா மட்டும் அவருக்குப் புரிஞ்சிடுமா?"

இருவருமே எழுந்து நின்றார்கள். நடுவில் முருகையன் இரண்டு பக்கமும் கையை நீட்டி, "சொல்றேன் சார், சொல்றேன் சார்" என்று மாறி மாறித் திரும்பினார். மெரின் மேசையைத் தட்டினாள்.

"போதும்! பீரோ அங்கியே இருக்கட்டும். முருகையன், உங்க பிரிவு கண்டிப்பா வேணும். இன்னும் ஒரு ஆள் கூட எடுத்துக்கங்க."

சாயங்காலம் முருகையன் மிதந்துகொண்டே வெளியே வந்தார். கேட்டில் வாட்ச்மேன் கன்னியப்பன் சலாம் போட்டார். இந்த மகிழ்ச்சியை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

"கன்னியப்பா, அந்த ரெண்டு பேரும் செத்தாலும் பேசிக்க மாட்டாங்கய்யா! அவங்க சண்டதான் எனக்குச் சோறு."

கன்னியப்பன் தெருமுனையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெனமும் ஒரே பைக்குல சிரிச்சிப் பேசிக்கிட்டுதான் சார் வராங்க, உங்க வேலை போயிடக் கூடாதுன்னு லூயிஸ் சாரு மட்டும் அந்த முனையிலயே எறங்கிக்குவாரு."