வழிப்போக்கன் ஜெயித்த மத்தியானம்

எனக்குப் பொய் சொல்ல வராது. வராது என்று தெரிந்தும் சொல்வதுதான் என் பிரச்சினை.

சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஓர் ஆன்லைன் ஆட்டத்தைச் செய்து உலகத்தையே அதில் உட்கார வைப்பதாகத் திட்டம். (உலகம் அதுவரை பதினேழு பேராக இருந்தது.) வேலையை விட்டது அம்மாவுக்கு மட்டும் தெரியும். அப்பாவிடமும் பெண் வீட்டாரிடமும் ‘வீட்டிலிருந்தே வேலை’ என்று சொல்லி வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது, பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது.

ஆட்டம் இதுதான். ஊர்க்காரர்களுக்குள் ஒளிந்திருக்கும் திருடர்களைப் பேசிப் பேசியே கண்டுபிடித்து, ஓட்டுப் போட்டு வெளியேற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சேராத ஒருவன் உண்டு, வழிப்போக்கன். கடைசிவரை தப்பித்திருந்தால் அவனுக்கு வெற்றி. அதனால் அந்த வேடம் கிடைத்தவர்கள் வாயே திறப்பதில்லை. அதை மாற்றி எழுதினேன். வழிப்போக்கன், ஆடுகிறவர்களில் ஒருவரைப் பற்றிய நிஜமான உண்மை ஒன்றைப் பெயர் காட்டாமல் திரையில் போட வேண்டும். மற்றவர்கள் நெசமா பொய்யா என்று ஓட்டுப் போடுவார்கள். பெரும்பாலோர் பொய் என்றுவிட்டால் வழிப்போக்கனின் பெயர் வெளிவரும். அப்போது அது உண்மைதான் என்று நிரூபித்தால் வெற்றி அவனுக்கே. எல்லா ஆட்டத்திலும் பொய் சொல்லி ஜெயிப்பார்கள், என் ஆட்டத்தில் உண்மை சொல்லி ஜெயிக்கலாம் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

இரண்டு குடும்பமும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. தலை நிறைய எண்ணெயோடு ஆறு பேரும் வாடகை அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டிக்கொள்ளப்போகிற மாலாவிடம் கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம் என்று, “சும்மா பொழுதுபோக்குக்கு ஒரு ஆட்டம் செஞ்சிருக்கேன், ஆடுவமா?” என்று நானே கேட்டேன். நானேதான்.

மாலாவின் அப்பா கடையத்துக்காரர், ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. அவர் “சாப்பிட்டீயளா?” என்று கேட்டாலே எனக்கு வாக்குமூலம் கொடுத்துவிடத் தோன்றும்.

எனக்கு ஊர்க்காரன் வேடம் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஆறு போனும் ஒன்றாகச் சிணுங்கின.

‘மாப்பிள்ளை வேலையை விட்டு நாலு மாசம் ஆச்சு.’

அம்மாவைப் பார்த்தேன். அவள் மிக அக்கறையாகச் சாரலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எவன்லே இப்படிப் பச்சப் பொய்ய எழுதுதான்?” என்று அப்பா சிரித்தார். மாலாவின் அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்கள் பொய் என்றால் அம்மாவின் பெயர் வெளிவரும், நிரூபிக்கச் சொல்வார்கள். நெசம் என்றால் நம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் அடைத்து ஓர் ஆட்டத்தை நானே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். ரத்து செய்யும் பட்டன்? அது இருந்தால் விறுவிறுப்பு குறையும் என்று போன வாரம்தான் எடுத்திருந்தேன்.

“நெசமாவும் இருக்கலாம்லா?” என்றேன்.

ஏட்டையா என்னையே பார்த்தார். “மாப்ளைக்கு ஏன் இப்படி வேர்க்கி?”

“எண்ணெய், மாமா.”

பொய்யில் அமுக்கினேன். நாலு பேர் பொய், ஒருவர் நெசம். திரையில் அம்மாவின் பெயர் வந்தது. கீழே பெரிய எழுத்தில், ‘நிரூபிக்கவும்’.

அம்மா என்னைப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கண்ணாலேயே கெஞ்சினேன். அவளுக்கும் மனசு இளகிவிட்டது, எனக்குத் தெரிந்தது. “சும்மா வெளையாட்டுக்கு எழுதுனேன்” என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் மூச்சு விட்டேன்.

ஏட்டையா தொடையில் தட்டினார். “அப்பம் சம்பந்தியம்மா தோத்துட்டாவ!”

கேரம்போர்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம்கூட விட்டுக்கொடுக்காதவள் என் அம்மா.

“நான் ஏன் தோக்கேன்? ஆபீஸ் லேப்டாப்ப என் பழைய சேலைல சுத்தி, நாந்தான கூரியர்ல திருப்பி அனுப்புனேன்! ஜெயிச்சிட்டேன்!” என்று இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

அப்பா தரையைப் பார்த்தார்.

“மாப்ள, நீங்க எதுல ஓட்டுப் போட்டீய?” ஏட்டையாவின் குரல் தணிந்திருந்தது.

“பொய்ல, மாமா.”

“நெசத்துல போட்டது நாந்தாம்ப்பா” என்றாள் மாலா. “பகல் பதினோரு மணிக்கு அடிச்சா மொத ரிங்லயே எடுக்காரு. வேல பாக்கவன் எவன் எடுப்பான்? அவரே சொல்லட்டும்னுதான் இருந்தேன்.” என் பக்கம் திரும்பினாள். “இப்பமாவது சொல்லியிருக்கலாம்.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

“மொதல்ல வேல. பெறவு தேதி” என்று ஏட்டையா எழுந்துவிட்டார். கல்யாணம் ஏழு மாதம் தள்ளிப்போனது. வேலை கிடைத்தது. ஆட்டத்தில் ரத்து பட்டனும் வந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் ஓட்டெடுப்புதான். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது, “மாலாகிட்ட இப்ப எதையுமே மறைக்கதில்ல” என்றேன். “பொய்!” என்று அப்பா, அம்மா, மாமனார், மாமியார் நாலு பேரும் எச்சில் கையைத் தூக்கினார்கள். மாலா மட்டும், “நெசம்” என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “இப்பம் நான் போன் அடிச்சா எடுக்கவே மாட்டுக்காரு. நெசமாவே வேலைக்குத்தான் போறாரு.”