அடுப்படிக்குள் போன தெரு

திரிஷா எப்படிக் கணக்குப் போட்டாலும், தென்னேரி கிராமத்தின் ஒரு தெரு யாரோ ஒருவர் வீட்டு அடுப்படிக்குள் புகுந்து பின்பக்கமாக வெளியே வந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த நிறுவனம். பழைய சர்வே வரைபடங்களில் உள்ள சாலைகளைச் செல்போன் மேப்புக்கு மாற்றித் தருவது அங்கே தொழில். வரைபடத்தின் அளவு வேறு, மேப்பின் அளவு வேறு. அப்படியே தூக்கி வைத்தால் சாலைகள் தள்ளிப்போய் உட்காரும். திரிஷா மாற்றியதில் எல்லாச் சாலைகளும் அதனதன் இடத்தில் இருந்தன, இந்த ஒன்றைத் தவிர.

"சாயங்காலத்துக்குள்ள அந்த ரோட்டை வூட்டை விட்டு வெளிய எடுத்துடும்மா," என்றார் மேலாளர் காசிநாதன். அவளுக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஒரு தெருவை மட்டும் தனியாக நகர்த்த மென்பொருள் விடாது. மொத்தத்தையும் கொஞ்சம் கிழக்கே இழுத்தாள். தெரு வீட்டை விட்டு வெளியே வந்தது. வாலாஜாபாத் பஸ் போகும் சாலை ஏரிக்குள் இறங்கியது. வடக்கே தள்ளினாள். பஸ் சாலை கரையேறியது; சின்ன காஞ்சிபுரத்து வீதி ஒன்று கோயில் குளத்தில் விழுந்தது. பதற்றத்தில் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டாள். காஞ்சிபுரமே வடதுருவத்துப் பக்கம் பனிக்கடலில் போய் மிதந்தது.

காசிநாதன் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "அங்க ஷேர் ஆட்டோ போகுதாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று ஸ்கூட்டியில் தென்னேரிக்குப் போனாள். அங்கே தெரு அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று. போனிலோ நேராக வாசற்படி ஏறியது. வீட்டுக்காரி ஜெயம்மாளிடம் கேட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தாள். போனைப் பார்த்தபடியே நடந்தவள் சமையல் மேடையில் இடித்துக்கொண்டு நின்றாள். சாலையின் நட்டநடுவே மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. காலையிலிருந்து பட்ட பாட்டையும், வேலை போகப்போவதையும் சொல்லி அழுதாள். "என் கணக்குதான்க்கா தப்பு. எங்க தப்புன்னுதான் தெரியல."

ஜெயம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள்.

"அழாத கண்ணு, உன் கணக்கு சரிதான். வூடு கட்றப்ப இடம் பத்தலன்னு நாங்கதான் ரோட்டைக் கொஞ்சம் தள்ளி வெச்சோம்."