உரிய துறைக்கு

எந்த அலுவலகத்திலும் ஒரு மேசை மட்டும் துடைத்துவிட்டாற்போல இருக்கும். மற்ற மேசைகளில் கோப்புகள் ஆளை மறைத்துக்கொண்டு நிற்க, அந்த மேசையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு மஞ்சள் ஹைலைட்டரும் மட்டும் இருப்பதைப் பார்த்து, இந்த மனிதர் வேலையை எல்லாம் முடித்துவிட்டார் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு அரசாங்கம் பழக்கமில்லை என்று அர்த்தம். அவர் எதையும் முடித்ததில்லை. எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறார். இந்த இனத்தின் பெயர், நம்ம-துறை-இல்லை.

நம் ஆள் சுகாதாரத் துறையில் துணைச் செயலாளர். பிரிவில் உள்ளவர்கள் வைத்த பெயர் தபால்காரர். நிஜத் தபால்காரருக்கு இது அவமானம். அவர் கடிதத்தைச் சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பவர்.

இவருடைய தொழில்முறை எளிது. கடிதம் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். ஹைலைட்டரைத் திறப்பார். வேறு ஏதாவது துறைக்குச் சொந்தமான ஒரு சொல் கடிதத்தில் தட்டுப்படும்வரை படிப்பார். தட்டுப்பட்டதும் அதை மஞ்சளாக்கிவிட்டு அதற்குமேல் ஒரு வரி படிக்கமாட்டார். வார்டில் கொசு என்று மருத்துவமனை எழுதியிருந்தால் பக்கத்துச் சாக்கடை மஞ்சளாகும். ஒரு சொல் போதும். கோப்புக்குக் கால் முளைத்துவிடும்.

எட்டு மாதத்துக்கு முன் அரசு மருத்துவமனையிலிருந்து நுரையீரல் டாக்டர் ஒருவர் இரண்டு பக்கம் எழுதினார். பதினாறு வயது தாண்டாத பதினொரு பிள்ளைகள் தன்னிடம் வந்திருக்கிறார்கள், ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எல்லாருமே வேப் இழுக்கிறவர்கள், அந்த மின்சிகரெட் பள்ளிக்கு எதிர்க்கடையிலேயே கிடைக்கிறது, தடைச் சட்டம் காகிதத்தோடு நிற்கிறது, ஓர் ஆணை போட்டு விற்பனையை நிறுத்துங்கள் என்றார். முதல் பக்கத்தின் மூன்றாவது வரியில் 'புகை' இருந்தது. மஞ்சள் பாய்ந்தது.

"சார், நுரையீரல் நம்ம துறைதானே?" என்றார் பிரிவு எழுத்தர் அம்மா. துணிச்சல்காரர்.

"நுரையீரல் நம்மதும்மா. புகை நம்மது இல்ல."

"புகை உள்ள போய்த்தானே சார் நுரையீரல் கெடுது?"

"கெட்டதும் வரட்டும், பாத்துக்கலாம். அதுவரைக்கும் அது சுற்றுச்சூழல்."

சுற்றுச்சூழல் துறை, இது புகை அல்ல ஆவி என்று கண்டுபிடித்தது. உள்ளே பேட்டரி இருப்பதால் மின்சாரத் துறைக்கு அனுப்பியது. மின்சாரம், ஸ்ட்ராபெரி சுவை சேர்த்திருப்பதால் உணவுத் துறைக்குத் தள்ளியது. உணவோ, இதை யாரும் விழுங்குவதில்லை என்று எழுதி வணிகத்துக்கு அனுப்ப, வணிகம், விற்பவன் எவனும் பதிவு செய்யாததால் சட்டப்படி இப்படி ஒரு வியாபாரமே நடக்கவில்லை என்றது. போகும்போது இரண்டு பக்கம். திரும்பி வந்தபோது கோப்பைக் கட்ட நாடா எட்டவில்லை. இதற்கிடையில் டாக்டர் மூன்று நினைவூட்டல் அனுப்பியிருந்தார். பதினொரு பிள்ளைகள் முப்பத்தாறு பேராகியிருந்தார்கள். அந்த எண்ணை மட்டும் யாரும் மஞ்சளாக்கவில்லை. எண்ணில் எந்தத் துறையின் பெயரும் இல்லையே!

தலைமைச் செயலாளர் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. கூட்டம் போட்டார். இன்று ஒரு துறை பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் ஒரே வாரத்தில் கடை கடையாகச் சோதனை, பறிமுதல். இல்லையென்றால் கோப்புக்கு இன்னொரு சுற்று.

அன்று காலை தபால்காரரின் ஹைலைட்டர் காய்ந்துபோயிருந்தது. பின்னே? எட்டு மாத உழைப்பு. சாப்பாட்டு மேசையில் மகளின் பென்சில் பெட்டி கிடந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள். அதிலிருந்து மஞ்சளாக ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். குளியலறைக்குள்ளிருந்து மகளின் இருமல் கேட்டது. கூடவே கொஞ்ச நாளாக வீட்டில் அடிக்கிற அந்தப் பழ வாசனையும் வந்தது. புது சோப்பு என்று நினைத்திருந்தார். சோப்பு வாங்குவது மனைவி.

"ரெண்டு மாசமா இருமுறா. மாடி ஏறினா உக்காந்துக்கிறா. நீங்க இருக்கிறதே சுகாதாரத்துல, ஒரு நல்ல டாக்டரைக் கேக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

"வீட்டுல இருமல் சளியெல்லாம் உன் டிபார்ட்மென்ட்."

"எனக்கு எப்போ ஆர்டர் போட்டீங்க?"

அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலி அந்த நுரையீரல் டாக்டருக்கு. டாக்டர் முப்பத்தாறு பிள்ளைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார். தபால்காரர் வழக்கம்போல ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். 'பள்ளி' என்று வந்தது. அடடா, எட்டு மாதம் இதை எப்படி விட்டோம்! பையிலிருந்ததை எடுத்து மூடியை இழுத்தார். வரவில்லை. திருகினார். பல்லால் கடித்தார். அப்படியே காகிதத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தார்.

"அது எழுதாது சார்," என்றார் டாக்டர்.

"மை தீந்துடுச்சா?"

"அது ஹைலைட்டர் இல்ல சார். வேப். பாத்தா ஹைலைட்டர் மாதிரியே இருக்கும்னு எழுதியிருந்தேனே, ரெண்டாம் பக்கத்துல."

இரண்டாம் பக்கம்! அவர் என்றைக்கு இரண்டாம் பக்கத்துக்குப் போயிருக்கிறார்?

தலைமைச் செயலாளர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பரவாயில்லையே! மாதிரியோட வந்திருக்கீங்க. இத்தனை துறையில இந்தச் சாமானைக் கண்ணால பாத்தது நீங்க ஒருத்தர்தான். அப்போ நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க."

அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். சோப்பு. குளியலறைக் கதவு. இருமல். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கோப்பு அவர் முன்னால் நகர்ந்தது, பேனாவும் வந்தது. ஒரு கையெழுத்து, அடுத்த வாரம் அந்தக் கடையில் அது இருக்காது. அநியாயமாகப் பேசக் கூடாது, மகளை அவர் நினைக்கத்தான் செய்தார். நிறையவே நினைத்தார், கால் நிமிடம் இருக்கும். அதற்குள் பழக்கம் முந்திக்கொண்டது.

"மேடம், இது ஒரு மாணவியோட பென்சில் பெட்டியில கிடைச்சது," என்றார். "அதனால இது பள்ளிக் கல்வித் துறை."

கல்வித் துறைக்காரர் அன்று விடுப்பு. வராதவர் தலையில் கட்டுவதைவிடச் சுலபமான நிர்வாகம் உண்டா? மற்ற துறைகள் ஒரே குரலில் ஆமோதித்தன. தலைமைச் செயலாளர் அம்மா பெருமூச்சு விட்டு, "சரி, அனுப்பித் தொலைங்க," என்றார். வேப் ஓர் உறைக்குள் போய் இணைப்பாகக் கோப்பில் சேர்ந்தது.

மாடிப்படியில் டாக்டர் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்கு இருமல் இருக்கா சார்?"

"இருக்குன்னு தகவல்."

"நாளைக்குக் காலையிலேயே கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நேரா என் ரூமுக்கு."

"உரியவங்ககிட்ட தெரிவிக்கிறேன்," என்றார் தகப்பனார்.

தெரிவித்தார். மாலையில் காப்பி டம்ளரைக் கீழே வைத்ததும், "உன் பொண்ணு என்ன பண்ணியிருக்கா தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

மனைவி முழுவதையும் கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது. "போன வாரம் பரிசு வாங்கிட்டு வந்தப்போ என் பொண்ணு என் பொண்ணுன்னு ஊரெல்லாம் போன் போட்டீங்களே. இப்போ மட்டும் என் பேர்ல மாத்திட்டீங்களா? அந்த டாக்டர் பேரைச் சொல்லுங்க. நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

சொன்னார். சொல்லும்போது தோளில் ஒரு பாரம் இறங்கியதை மறுப்பதற்கில்லை.

மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். "அதை என்னப்பா பண்ணீங்க?"

"கோப்புல சேந்துடுச்சு."

"என்னுதுன்னு சொல்லிட்டீங்களா?"

"சேச்சே. ஒரு மாணவின்னுதான் சொன்னேன்."

"உங்க பொண்ணுன்னு சொல்லலையா?" என்றாள். வேறு ஏதோ சொல்ல வந்தாள்; இருமல் வந்துவிட்டது. நிற்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவர் பதறிப்போய் எழுந்தார், சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார், அவள் ஓடி வந்ததும் உட்கார்ந்துகொண்டார்.

சிரித்தீர்கள் அல்லவா? தாராளமாக. இப்படி ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும், பெயரைக்கூடச் சொல்லிவிடுவீர்கள், இதை அவருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று போனைக்கூட எடுத்திருப்பீர்கள். அனுப்புங்கள். ஆனால் நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளறையில் யாரோ இருமினார்களே, அப்போது யாரைக் கூப்பிட்டீர்கள்?