மூன்று நிமிடத்தில் தொண்ணூறு நாள்

தொண்ணூறு நாள் கழித்தும் டாக்டர்கள் சொல்லத் தயங்குவதை மூன்றே நிமிடத்தில் சொல்லிவிடும் ஓர் இனம் உண்டு. பக்கவாத வார்டு இருக்கும் ஊரிலெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிலிப்பைன்ஸில், எங்கள் செபு நகரத்தில் இந்த இனம் தழைக்கக் கூடுதல் வசதி: கட்டிலுக்கு ஒரு சொந்தக்காரர் கூடவே இருந்தாக வேண்டும். அவரைப் பந்தாய் என்போம். என் அண்ணனுக்கு நான் பந்தாய். எதிர்க்கட்டிலில் தன் கணவருக்குப் பந்தாய், பெர்பெத்துவா அக்கா. வந்து ஆறு வாரம் ஆகிறது. மூளை நிபுணராக ஆறு வாரம் போதாதா?

புது நோயாளி வந்ததும் அக்கா முதலில் கூட வந்தவரிடம் ஒரு தட்டு நூடுல்ஸை நீட்டுவார். அப்புறம் வயதைக் கேட்பார், சர்க்கரை உண்டா என்பார், விழுந்தது எத்தனை மணிக்கு, இங்கே கொண்டுவந்தது எத்தனை மணிக்கு என்று விசாரிப்பார், கால்மாட்டில் தொங்கும் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார், கடைசியில் "ம்" என்பார். அந்த "ம்"மிலேயே கேட்பவருக்குப் பாதி உயிர் போய்விடும்.

இப்படித்தான் கிரிசாந்தோ வந்து சேர்ந்தார். சண்டைச் சேவல் வளர்ப்பவர். வயது எழுபத்து நாலு, சர்க்கரை உண்டு, விழுந்து ஐந்து மணி நேரம் கழித்துத்தான் தூக்கி வந்தார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டு மூளையில் அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்தாகிவிட்டது. ஆனால் பேச்சு வரவில்லை. வலது கை அசையவில்லை.

"கட்டியத்தான் எடுத்துட்டாங்களே அக்கா" என்றாள் மகள் ரோவேனா.

"எடுத்துட்டா ஆச்சா? காஞ்சு போன வயலு, மடையத் தொறந்ததும் பச்சையாயிடுமா? எழுபத்து நாலு. சர்க்கரை. அஞ்சு மணி நேரம். இந்தக் கை இனிமே சேவல் பிடிக்காதும்மா."

"மூணு மாசம் போகட்டும்னு டாக்டர் சொன்னாரே."

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க. உன் மனசு நோகக் கூடாதுல்ல."

அக்காவின் கணவர் ஆறு வாரமாக விரலைக்கூட அசைக்கவில்லை. சேர்த்த அன்று எல்லோரும் "சரியாயிடும்" என்றார்களாம். அதை நினைத்தால் எனக்குக் கோபம் பாதி இறங்கிவிடும். இறங்கிய பாதியும் கிரிசாந்தோ வந்த நாலாம் நாள் திரும்ப ஏறியது.

கிரிசாந்தோவின் வீட்டில் கப்பித்தான் என்றொரு சேவல். நாலு சண்டை ஜெயித்தது. அதற்குத் தீனி வைத்த பிறகுதான் கிழவர் தன் காப்பியைத் தொடுவார்.

"பிடிக்க ஆளில்லாத சேவல் எதுக்கு?" என்றார் அக்கா. "அறுத்து, பப்பாளிக்காயும் முருங்கைக்கீரையும் போட்டு சூப் வைக்கச் சொல்லு. அப்பாவுக்கும் தெம்பா இருக்கும்."

ரோவேனா மூக்கைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகிலேயே நின்று தம்பிக்குப் போன் போட்டாள். "அப்பாவால இனி முடியாதுடா. கப்பித்தான அறுத்துடு."

போர்வை அசைந்தது. வலது கைதான். எழுந்தது, நடுங்கியது, பெர்பெத்துவா அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. நாலு நாளாகச் சத்தமில்லாத வாயிலிருந்து வந்தது:

"தொட்டே... கொன்னுடுவேன்."

"கத்திய கீழ போடுடா" என்று ரோவேனா போனில் அலறினாள். அழுகையும் சிரிப்புமாக அப்பாவின் கையை முத்தமிட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

பெர்பெத்துவா அக்கா? பாவாடையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "நான் சொல்லல? இந்த மாதிரி ஆளுக்கு ஒரு அதிர்ச்சி குடுத்தாத்தான் பேச்சு வரும்." சொல்லிவிட்டுத் தன் கணவரின் வலது கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. எழுபத்து நாலு, சர்க்கரை, ஐந்து மணி நேரம் என்று நான் எழுதியபோது நீங்களும் உள்ளுக்குள் ஒரு "ம்" போட்டீர்களா, இல்லையா? எங்கள் வார்டில் அக்காவுக்குப் பக்கத்து ஸ்டூல் காலியாகத்தான் இருக்கிறது. வரும்போது நூடுல்ஸ் எடுத்து வாருங்கள்.