நூத்தெண்பது டிகிரி வெங்காயம்

ஒரு மனிதர் வெங்காயம் சுடுவதற்காகத் தன் வேலையையே பணயம் வைப்பார் என்று நம்புவதைவிட, அவர் திருடன் என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. எண்பதுகளில் நான் அவ்வளவு புத்திசாலி.

ஓசூரில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவர் பெயரே 'நூத்தெண்பது'தான். இரும்பு வளையங்களைப் பதப்படுத்தும் ஓவன் அவர் பொறுப்பு. அதன் சூடு நூற்றெண்பது டிகிரி. அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் இருந்தால் உலகத்தில் எதுவும் சரியாகிவிடும் என்பது அவர் கொள்கை. மேனேஜர் கத்திவிட்டுப் போனால், "பாவம், உள்ள வெச்சு எடுத்தா தங்கமா ஆயிருவாரு" என்பார், மேனேஜர் காதில் விழும்படியே. மழையில் நனைந்த என் ஷூவைக் காயவைத்துத் தருகிறேன் என்று வாங்கிப் போனார். திரும்பி வந்தது ஒரு குழந்தையின் ஷூ.

"அளவு கொஞ்சம் கொறஞ்சிருக்கு. ஆனா உறுதியப் பாரு தம்பி!"

பேரிகைப் பக்கம் அவருக்குத் துண்டு நிலம் இருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்காத எங்களைப் போன்ற பையன்களுக்கெல்லாம் அவர் வீட்டில்தான் கறிச்சோறு. அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் ரகசியமாகச் சொன்னார்: "நாளைக்குக் கறிக்குத் தொட்டுக்க ஒரு ஐட்டம் இருக்குது. நீ சென்மத்துல தின்னிருக்க மாட்ட."

அன்று காலைதான் என் கணக்கில் ஆறு வளையங்கள் குறைந்தன. வளையங்களை அளந்து எண்ணி அனுப்பும் இன்ஸ்பெக்டர் வேலையில் நான் பயிற்சியில் இருந்தேன். பண்டிகைக்கு முன்தினமே வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று மூலை முடுக்கெல்லாம் தேடினேன். அலைந்து திரிந்து ஓவன் பக்கம் போனால், உள்ளே பளபளவென்று அலுமினியத் தாள் சுற்றிய உருண்டைகள். வளையத்தை எப்படி உருண்டையாக்கினார் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. ஓடிப்போய் கேட்டில் இருந்த செக்யூரிட்டியின் காதில் ஓதிவிட்டேன்.

ஷிப்ட் முடிந்து நூத்தெண்பது டப்பாவோடு வந்தார். நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதுங்கினேன்.

"டப்பால என்னாய்யா?"

"வெங்காயம்."

பட்டாளத்தில் இருந்து வந்த செக்யூரிட்டிக்கு மீசை துடித்தது. "மரியாதையா கேக்கறேன். உள்ள என்னா?"

"வெங்காயந்தாங்க."

"யாரப் பாத்துய்யா வெங்காயம்ங்கற?"

"ஐயோ, உங்களச் சொல்லலீங்க. உள்ள இருக்கறதச் சொன்னேன்!"

டப்பா திறந்தது. சீரகமும் பச்சை மிளகாயும் அடைத்து, கடலை எண்ணெய் விட்டுச் சுட்ட பன்னிரண்டு பெரிய வெங்காயங்கள். வாசனைக்குக் கேட்டில் கூட்டமே கூடிவிட்டது. அவமானப்பட்ட செக்யூரிட்டி விடவில்லை. வளையத்தைத் தேடி ஒவ்வொன்றாக, தோல் தோலாக உரித்துப் போட்டார்.

"மெதுவா உரிங்க சார், வெண்ணெயாட்டம் வெந்திருக்கும்" என்று முதல் வெங்காயத்துக்கு நூத்தெண்பது யோசனை சொன்னார். ஆறாவதுக்கு மேல் உரிப்பதைப் பார்க்காமல் டப்பா மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். பன்னிரண்டாவதும் மண்ணில் விழுந்தது. சுட்ட வெங்காயம் கண்ணைக் கரிக்காது. ஆனாலும் சைக்கிள் ஸ்டாண்டில் எனக்குக் கரித்தது.

ஓவனில் சமைத்த குற்றத்துக்கு அவரை லாரியில் இரும்பு ஏற்றும் வேலைக்கு மாற்றினார்கள். கடைசிவரை ஓவன் பக்கம் விடவில்லை. ஆறு வளையங்களும் அன்று சாயங்காலமே கிடைத்தன. மறுபடி அளக்க எடுத்துப்போய், என் சாப்பாட்டுப் பைக்குப் பின்னால் நானே வைத்து மறந்தவை. சத்தமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று கேட்டில் எல்லாம் முடிந்து சைக்கிளை எடுக்க வந்த நூத்தெண்பது என்னை ஸ்டாண்டுக்குப் பின்னால் பார்த்தார். அந்த இடத்தில் ஏன் நிற்கிறாய் என்று கேட்கவில்லை.

"நாளைக்கு வந்துரு தம்பி. அந்த ஐட்டம் மட்டும் இருக்காது" என்றார்.

நான் போகவில்லை. மத்தியானம் மூன்று மணி வரைக்கும் எனக்குப் போட்ட இலையை அவர் எடுக்கவிடவில்லை என்று போய்வந்த பையன்கள் சொன்னார்கள்.