குவனஹுவாத்தோவில் எங்கடை ஆக்கள்

மூக்கடைத்திருக்கும்போது அம்மாவிடம் பொய் சொல்லக்கூடாது. இந்த ஞானம் எனக்கு மெக்சிகோவில்தான் வந்தது, கடல் மட்டத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உயரத்தில், முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சலில். லண்டனில் இருந்தபடியே வந்திருந்தால் விமானச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியில் அம்மா அப்பாவோடு இருந்துகொண்டு, பழைய நகரங்களைப் பற்றி வாசித்து வாசித்து, உலகம் என்னைப் பார்க்கத்தான் காத்திருக்கிறது என்று நம்பிய காலம். மெக்சிகோவின் குவனஹுவாத்தோவுக்குப் போக வெளியே சொன்ன காரணங்கள் பல: வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த ஊர், மலைச்சரிவெல்லாம் நிற நிறமாக வீடுகள், நிலத்துக்கடியில் ஓடும் தெருக்கள். சொல்லாத காரணம் ஒன்றுதான். அங்கே எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. பாரிஸ் போனால் சின்ன மாமா வீடு, சூரிச் போனால் பெரியம்மா வீடு. (டொரொண்டோவில் இறங்கினால் யார் வீட்டில் முதலில் சாப்பிடுவது என்பதிலேயே இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போகும்.)

அம்மாவுக்கு இடித்ததும் அதே காரணம்தான்.

“அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை அம்மா.”

“பிறகேன் போறாய்?”

மூன்று வாரப் போருக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம் வந்தது. ஒவ்வொரு நாளும் லண்டன் நேரம் மாலை ஆறு மணிக்கு, அதாவது அங்கே நண்பகலில், வீடியோ கோல் எடுக்க வேண்டும். வருத்தம் ஏதும் வந்தால் அதுதான் நான் தனியாகப் போகும் கடைசிப் பயணம். “ஒரு தும்மல் கேட்டாலும் பெருவை மறந்திடு” என்றார் அம்மா. பெரு என் அடுத்த வருடத் திட்டம். வழிகாட்டிப் புத்தகத்தில் முக்கால்வாசிப் பக்கங்களுக்கு மஞ்சள் அடித்து வைத்திருந்தேன்.

புறப்படும் நாளில் என் பெட்டிக்குள் ஒரு கம்பளித் தொப்பியும், கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் (காய்ந்த இஞ்சிதான்) மிளகும் சேர்த்துக் கட்டிய ஒரு பெரிய பொட்டலமும் முளைத்திருந்தன. மெக்சிகோவுக்குக் கம்பளித் தொப்பியா! இரண்டையும் எடுத்து, என் அலுமாரி மேல்தட்டில் இருந்த பழைய பூட்ஸ் பெட்டிக்குள் ஒளித்துவிட்டுப் போனேன். அந்தப் பெட்டியை யார் திறக்கப் போகிறார்கள்?

அது பெப்ரவரி. மலையூரில் இரவு எப்படிக் குளிரும் என்பதை, குவனஹுவாத்தோவைப் பற்றி வாசித்த எந்தப் பக்கத்திலும் மஞ்சள் அடித்திருக்கவில்லை. முதல் இரவு நடுங்கினேன். இரண்டாம் நாள் தடிமன். மூன்றாம் நாள் காய்ச்சல். மூளை உள்ள மனிதர் படுத்திருப்பார். என்னிடமோ அன்றைக்கு ஏழு தேவாலயங்கள், ஒரு சுரங்கம், ஒரு காட்சிச்சாலை என்று அட்டவணை இருந்தது.

குவனஹுவாத்தோவில் தெரு என்பது பெரும்பாலும் படிக்கட்டு. இரண்டாவது தேவாலயத்திலேயே எனக்குக் கடவுள் மிக அருகில் தெரிந்தார். அதோடு மற்ற ஐந்தையும் சுரங்கத்தையும் மன்னித்துவிட்டுக் காட்சிச்சாலைக்குப் போனேன். தானாகவே காய்ந்து கெடாமல் கிடந்த பழைய உடல்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். ஒரு பெட்டியின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினேன். (மூக்குத்தான் வேலைநிறுத்தத்தில் இருந்ததே.) ஒரு பயணி பெட்டியைப் படமெடுத்தார். பிறகு என்னையும் எடுத்தார். நான் இருமினேன். அவர் போட்ட சத்தத்துக்கு உள்ளே கிடந்தவரே எழும்பியிருக்க வேண்டும்.

வெளியே வந்து வழி தவறி, ஒரு ஒழுங்கைக்குள் இருந்த சிறிய சாப்பாட்டுக்கடையில் போய் விழுந்தபோது சரியாக நண்பகல். கடையை நடத்துபவர் பெயர் எல்வீரா. ஐம்பது வயதிருக்கும், புள்ளிபோட்ட ஏப்ரன். எனக்கு ஸ்பானிய மொழியில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். வணக்கத்தைச் சொல்லி, போனைத் தண்ணீர்ச் சாடியில் சாத்தி வைத்து, கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைத்துக்கொண்டு (ஏற்கெனவே சிவந்துதான் இருந்தது) அம்மாவை அழைத்தேன்.

“என்ன பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?”

“இங்கை சிக்னல் சரியில்லை அம்மா.”

“சிக்னலுக்குத் தடிமனோ?”

“இல்லையம்மா, நான் நல்லா இருக்கிறன்.”

“நான் தந்த கொத்தமல்லியை அவிச்சுக் குடிச்சனியே?”

“ஓம் அம்மா. காலமையும் குடிச்சனான்.”

“எல்லாம் முடிஞ்சுதே?”

“இன்னும் பாதி கிடக்கு.”

“அப்ப இது என்னடி?”

திரை முழுக்கப் பொட்டலம். அதன் பின்னால் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு அப்பா. நான் விமானம் ஏறிய அன்றே அம்மா பூட்ஸ் பெட்டியைக் கண்டுபிடித்து, மூன்று நாளாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்திருக்கிறார். எனக்கு ஒரு நல்ல பதில் இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், தும்மல் வந்தது. ஒன்றல்ல, நான்கு. பெருவும் அதோடு போய்ச்சேர்ந்தது.

எல்வீரா வந்து என் நெற்றியில் கைவைத்தார். சூடு பட்டதுபோல் கையை உதறி, போனை எடுத்து அம்மாவிடம் ஸ்பானிய மொழியில் முறைப்பாடு செய்தார். அம்மா தமிழில் முறைப்பாடு செய்தார். இரண்டு முறைப்பாட்டுக்கும் பொருள் நான். அம்மா கொத்தமல்லியைக் காட்ட, எல்வீரா ஒரு போத்தலைத் திறந்து காட்டினார்; அதே கொத்தமல்லி. இஞ்சி? இருந்தது. மிளகு? இருந்தது. நடுவில் எல்வீரா ஒரு காய்ந்த மிளகாயைத் தூக்க, “வேண்டாம், வேண்டாம், பிள்ளை தாங்காள்!” என்று லண்டனிலிருந்து ஒரு கூக்குரல். மிளகாய் திரும்பிப் போனது. போன் தக்காளிக் கூடையில் சாய்ந்து சமையலை மேற்பார்வை செய்தது. நான் எல்வீராவின் சால்வைக்குள் சுருண்டு கிடந்தேன். கடைசியில் ஒரு பெரிய குவளை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், திரைக்குள் ஒருவர், அடி தெரியும்வரை இருவரும் கண் இமைக்கவில்லை.

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. மீதி நாட்களில் “தனியாக” ஊர் சுற்றினேன். ஒருநாள் சதுக்கத்தில் ஒரு ஐஸ்பழம் வாங்கினேன். அது பாதி கரைவதற்குள் அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது: ஐஸ்பழத்தோடு நான். கீழே ஒரு வரிகூட இல்லை. விற்ற பெண் எல்வீராவின் மச்சாள் என்பதும், அம்மாவின் நம்பரை எல்வீரா வாங்கி வைத்திருந்ததும் பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஆட்கள் இல்லாத ஊர் என்று நான் தேடிப்பிடித்த ஊர் அது.

அம்மாவும் எல்வீராவும் இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறார்கள், அவரவர் மொழியில், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். எங்கள் லண்டன் வீட்டில் யார் தும்மினாலும் “எல்வீராவுக்குக் கோல் எடுங்கோ” என்பார் அப்பா.

பெருவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. போன மாதம் அம்மாவே தொடங்கினார்.

“போயிட்டு வாவன்.”

“மெய்யாவோ அம்மா?”

“அங்கை எல்வீராவின்ரை ஒன்றுவிட்ட தங்கச்சி இருக்கிறா. எங்கடை ஆக்கள்தானே.”

பெட்டி தயாராகிவிட்டது. உள்ளே இரண்டு கொத்தமல்லிப் பொட்டலங்கள். ஒன்று எனக்கு, மற்றது அந்தத் தங்கச்சிக்கு. பூட்ஸ் பெட்டியை அம்மா எறிந்துவிட்டார்.