மெஷினின் புத்தகத்தை அணைக்கச் சொன்னவன்

மனப்பாடத்தை அறிவு என்று நம்புகிறவனுக்கு, அது மனப்பாடம்தான் என்பது கடைசியாகத்தான் தெரியவரும். எனக்குத் தெரிந்தது எண்பத்தாறு மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு. (தேதியும் என் நோட்டில் இருக்கிறது. சொல்ல மாட்டேன்.)

திண்டிவனத்தில் எங்கள் செஸ் கிளப்பில் ஏழு பேர். விழுப்புரம் அணியோடு ஆடும்போது, அணியின் சிறந்த ஆட்டக்காரருக்கான முதல் பலகையில் யார் உட்காருவது? நானா, மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருக்கும் வரதனா? ஆட்டத் தொடக்கங்களுக்காகவே நான் மூன்று புத்தகங்களை உருப்போட்டிருந்தேன். வரதன் செஸ் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. முதல் பலகை எனக்குத்தான் என்று நான் புதுச் சட்டைகூடத் தைத்துவிட்டேன்.

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த ஜோசப், செஸ் ஆடும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். அதோடு ஆளுக்கொரு ஆட்டம். நன்றாக ஆடுபவருக்கு முதல் பலகை என்று முடிவாயிற்று.

"இதுக்குள்ளயே தொடக்க ஆட்டப் புக்கு ஒண்ணு கீது சார். மொத பத்து மூவை யோசிக்காமலே ஆடிடும்" என்றார் ஜோசப்.

நான் எழுந்து நின்றேன். (உட்கார்ந்தே பேசியிருக்கலாம்.)

"அப்போ இது காப்பியடிக்குது! பரீட்சைல புக்கை வெச்சுக்கினு எழுத உடுவாங்களா? புக்கு இல்லன்னா இது வெறும் டப்பாங்க. அந்தப் புக்கை அணைங்க!"

அணைத்தார். மெஷினுக்கு வெள்ளைக் காய். முதல் நகர்த்தலுக்கே நாலு நிமிடம் யோசித்தது. நான் வெற்றிப் புன்னகையோடு சுற்றிலும் பார்த்தேன். பிறகு அது ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளியது.

என் மூன்று புத்தகங்களிலும் அது இல்லை. (மனதுக்குள் பொருளடக்கம் வரை புரட்டினேன்.) இருபத்தைந்து நிமிடம் போயிற்று.

"இன்னா சார், மெஷினைவிட ஜாஸ்தி யோசிக்கிறீங்க. ஜல்தி ஆடுங்க, டீ ஆறுது" என்றான் வரதன்.

பதினேழாவது நகர்த்தலில் என் ராஜா மாட்டிக்கொண்டான்.

அடுத்து வரதன். அதே ஓரச் சிப்பாய் நகர்ந்தது. "நீ ஓரமா போறியா? நான் நடுவுல வர்றேன்" என்று மெஷினிடமே பேசிக்கொண்டு, டீ குடித்தபடி ஆட்டத்தை டிரா செய்தான். எல்லாரும் ஆடி முடித்தபோது முதல் பலகை அவனுக்கு, ஐந்தாவது எனக்கு.

வாசலில் என் தோளில் கை வைத்தான். "மெஷினுக்கு புக்கு இல்லாட்டியும் ஓடிடும் போலக்கீது சார். உங்களுக்குத்தான் பேஜாராயிடுச்சு." கிண்டலே இல்லை, நிஜமான அனுதாபம். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்த வரதனின் தங்கையையே கட்டிக்கொண்டேன். கதையும் சீர்வரிசையோடு வீடு வந்து சேர்ந்தது. எங்கள் மகள் கல்யாணத்தில் நன்றியுரை எழுதிய தாளைக் காணாமல் மைக் முன்னால் நான் பாக்கெட் பாக்கெட்டாகத் துழாவியபோது, அந்த ஆட்டத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத என் மனைவி, சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் கேட்கும்படி முதல் வரிசையிலிருந்து சொன்னாள்:

"யாராச்சும் அவருக்கு புக்கை ஆன் பண்ணி உடுங்கப்பா!"